பெருநோய் இல்லைங்க, குடிதான்

எங்கய்யனுடைய செருப்பில் ஒன்று வாய்க்கால் வரப்பில் கிடக்கும். இன்னொன்றை மட்டும் மாட்டிக்கொண்டு அவர் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வாசலில் வந்து நிற்பார். செருப்பு எங்கே என்று கேட்டால் குனிந்து காலைப் பார்ப்பார். பார்த்த பிறகுதான் அவருக்கே தெரியும். முதல் தடவை நானும் எங்கம்மாவும் சிரித்தோம். அதற்கப்புறம் சிரிக்க ஒன்றும் இல்லை.

செத்துப்போன அப்பனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். அவரவர் அப்பனைப் பற்றி அவரவர் எழுதிக்கொள்ளட்டும். நான் எங்கய்யனின் காலைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் காலை நான்தான் கழுவினேன். அந்தப் புண்ணுக்கு நான்தான் துணி கட்டினேன். சொல்ல எனக்கு உரிமை உண்டு.

எங்கள் தோட்டம் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையை ஒட்டி. தென்னை, வெங்காயம், கொஞ்சம் வாழை, கிணற்று மேட்டில் ஒரு ஆயில் எஞ்சின். மலையிலிருந்து யானை இறங்கி வாழையை மிதித்துவிட்டுப் போகும். யானைக்குக் காவல் இருக்கிறேன் என்று சொல்லித்தான் எங்கய்யன் தோட்டத்துச் சாளையில், அந்த ஓலைக் குடிசையில், படுக்கப் போவார். யானை வந்த நாளில் அவர் எழுந்ததே கிடையாது. காலையில் வாழை சாய்ந்து கிடக்கும், பக்கத்தில் இவரும் சாய்ந்து கிடப்பார்.

மதுவிலக்கு இருந்த காலம் அது. கடை கிடையாது. ஆனால் மலையடிவாரத்தில் பட்டை ஊறப்போட்டுச் சாராயம் காய்ச்சுவார்கள். அதை சைக்கிள் டியூபில் அடைத்து, மாலை மாதிரி கழுத்தில் போட்டு, மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருவன் வருவான். சொம்பில் ஊற்றும்போது வீடு முழுக்க நாறும். ரப்பரும் அழுகின பழமும் சேர்ந்த நாற்றம். இன்றைக்கும் பஞ்சர் ஒட்டுகிற கடையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் குடித்தார். ஆனால் எங்கள் வீட்டில் குடி என்ற வார்த்தையே கிடையாது. எங்கம்மா அதற்கு வேறு வேறு பெயர் வைத்திருந்தாள். விருந்தாளி வந்த நேரத்தில் அவர் சுருண்டு கிடந்தால் பித்தம். வாந்தி எடுத்தால் கறி ஒத்துக்கொள்ளவில்லை. கை நடுங்கினால் கண் விழித்துத் தண்ணீர் பாய்ச்சிய அசதி. காடு தோட்டம் உள்ள குடும்பம், நாலு பேர் மதிக்கிற குடும்பம். போலீஸ் பிடித்தால் கேஸ் ஆகிவிடும். அதைவிடப் பெரிய பயம், எனக்கு மாப்பிள்ளை வராது என்பது. அதனால் ஊருக்கே தெரிந்ததை ஊரிடமிருந்து மறைத்தாள். ஊரும் மரியாதையாகத் தெரியாத மாதிரி இருந்தது. எங்கள் பக்கம் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. வரப்பில் விழுந்து கிடக்கிற ஆளைக்கூட, "ஏனுங்க, வெயில்ல படுத்திருக்கறீங்க, நெழலுக்குப் போலாமுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவார்கள்.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். எங்கம்மாவும் நானும் கம்பஞ்சோறும் ராகிக்களியும் தின்றோம். கூடக் கொள்ளுப்பருப்பு, காட்டில் முளைத்த கீரை. ஆண்பிள்ளைக்கு மட்டும் நெல்லுச்சோறு. அதுவும் ரைஸ்மில்லில் கொடுத்துத் தவிட்டின் சுவடே இல்லாமல் மல்லிகைப்பூ மாதிரி தீட்டின அரிசி. அதையும் மூன்று தண்ணீர் கழுவி, வடித்து, கஞ்சியை மாட்டுக்கு ஊற்றுவாள். எங்க ஊட்ல அவருக்குக் கம்பு வெச்சதே இல்லீங்க என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசுவாள். அவரோ ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு ரெண்டு வாய் தின்பார், தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துவிடுவார். அவர் எழுந்த தட்டை நாய்க்குப் போடுவோம். நாய் நன்றாகக் கொழுத்திருந்தது.

கால் விவகாரம் ஆரம்பித்தபோது நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி வீட்டில் இருந்தேன். முதலில் பாதம் மதமதவென்று இருக்கிறது என்றார். அப்புறம் எறும்பு ஊர்கிறது என்று விளக்கைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். எறும்பு எதுவும் இல்லை. அப்புறம் எரிச்சல். மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி எரிகிறது என்று கத்துவார். போர்வை நுனி பட்டாலும் கத்துவார். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியில் ரெண்டு காலையும் விட்டு உட்கார்ந்துகொள்வார். மாடுகள் தள்ளி நின்று பார்க்கும். அவர் எழுந்து போன பிறகும் அந்தத் தண்ணீரில் வாய் வைக்காது. நான்தான் தொட்டியைக் காலி செய்து, தேய்த்து, மறுபடி நிரப்ப வேண்டும்.

எரியவும் செய்கிறது, செருப்பு கழன்றதும் தெரியவில்லை. ஒரே காலில் ரெண்டும் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. வேலைக்குக் கள்ளம் போடுகிறார், நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

நடிப்பில்லை என்று தெரிந்தது எஞ்சின் ரூமில். ஒரு மத்தியானம் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்கப் போனேன். அவர் பலகையில் சாய்ந்து உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் கால் வைத்ததும், "எதோ தீயற வாசம் வருது கண்ணு, என்னன்னு பாரு" என்றார். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். பெல்ட் தீய்கிறதோ என்று பார்த்தேன். பெல்ட் இல்லை. எஞ்சினின் புகைக்குழாயில் அவருடைய வலது பாதம் பட்டுக் கிடந்தது. குழாயோடு தோல் ஒட்டிப் பொசுங்கிக்கொண்டிருந்தது. நான் காலைப் பிடித்து இழுத்தபோது தோலில் பாதி குழாயிலேயே தங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, அட என்றார். அவ்வளவுதான். பீடியைக் கீழே போடவில்லை.

அந்தப் புண் ஆறவில்லை. சீழ் வைத்தது, ஓரம் தடித்தது, நடுவில் குழி விழுந்தது. ஈ மொய்க்கும், அவருக்கு உறைக்காது. நான் வேப்பிலைத் தண்ணீரில் கழுவித் துணி சுற்றுவேன். மூக்கைத் திருப்பிக்கொண்டுதான் கழுவினேன். பெத்த அப்பன் புண் நாறுமா என்று எங்கம்மா ஒருமுறை கேட்டாள். நாறும். வந்து மோந்து பாருங்க என்றேன். வரவில்லை.

காரணம் சொல்ல ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். எங்கய்யனின் தம்பி, எங்கள் சித்தப்பன், இது செய்வினை என்றார். பொலியில், தோட்டத்து எல்லையில், தகராறு பண்ணின பக்கத்துத் தோட்டத்துக்காரன் தகடு புதைத்துவிட்டான் என்று சொல்லி வெங்காயக் காட்டைத் தோண்ட வைத்தார். தகடு கிடைக்கவில்லை, வெங்காயம்தான் போனது. மளிகைக் கடைக்காரர் புதுசாக வந்திருக்கிற பூச்சி மருந்துதான் காலில் இறங்கியிருக்கும் என்றார். எங்கய்யன் வாழ்நாளில் மருந்தடிக்கிற பம்ப்பைத் தொட்டதில்லை. நடமாடாத ஆளுக்கு ரத்தம் கட்டிக்கொள்ளும் என்றார் ஒருவர். நடந்து நடந்து நரம்பு தேய்ந்துவிட்டது என்றார் இன்னொருவர். வைத்தியரைக் கூட்டி வந்தோம். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வாயு என்றார். அவர் குனிந்து பிடித்தபோது எங்கய்யன் வாயிலிருந்து வந்த ரப்பர் நாற்றம் என் மூக்குவரை அடித்தது. வைத்தியருக்கு மூக்கு இல்லையா? இருந்தது. மரியாதையும் இருந்தது.

வாயு என்பதால் பத்தியம் போட்டார். பருப்பு ஆகாது, கடலை ஆகாது, கீரை ஆகாது, முட்டை, கறி ஆகவே ஆகாது. வெள்ளைச் சோற்றுக் கஞ்சியும் சுட்ட அப்பளமும் மட்டும். எங்கம்மா அந்தப் பத்தியத்தைச் சாமி கும்பிடுகிற மாதிரி காத்தாள். சாராயத்துக்குப் பத்தியம் இல்லை. அது வைத்தியரிடம் சொன்ன கணக்கிலேயே இல்லையே. ரெண்டு மாதத்தில் எரிச்சல் கெண்டைக்கால் வரை ஏறியது. காலைத் தூக்கித் தூக்கி வைத்து, சேற்றில் கொக்கு நடக்கிற மாதிரி நடந்தார். சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தென்னந்தோப்பு உள்ள வீடு. பையன் கோயமுத்தூரில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். வந்து பார்த்தார்கள், பிடித்தது என்றார்கள். எங்கய்யனுக்கு அன்றைக்கும் பித்தம். கட்டிலில் கிடந்தார், காலைத் துணியால் மூடி வைத்திருந்தோம். உப்புச் சக்கரை மாற்றி உறுதி செய்ய நாள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்புறம் சவரம் பண்ண வருகிறவர் வரவில்லை. இந்த வாரம் வேலை இருக்குதுங்க என்று சொல்லியனுப்பினார். அடுத்த வாரமும் வேலை இருந்தது. துணி வெளுக்க எடுத்துப் போகிற அம்மா எங்கள் வீட்டு மூட்டையை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனாள். பொதுக்கிணற்றில் நான் குடத்தை வைத்ததும் பெண்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். எல்லாம் மரியாதையாகத்தான். மொதல்ல நீ சேந்திக்க அம்மணி என்றார்கள். உறைக்காத கால், ஆறாத புண். ஊர் அதற்குப் பெருநோய், குஷ்டம் என்று பெயர் வைத்துவிட்டது.

அது உடுமலைப்பேட்டைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? தானாவதிக்காரர், நடுவில் நின்று சம்பந்தம் பேசியவர், வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார். பையன் வீட்டில் தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் டாக்டரிடம் காட்டி, அந்த நோய் இல்லை என்று ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. அவர் உள்ளே வரவில்லை. எங்கம்மா கொடுத்த மோரையும் வாங்கவில்லை.

எங்கம்மா அன்றைக்கு அழுத அழுகை புருஷனின் காலுக்காக இல்லை. என் கல்யாணத்துக்காக. நானும் அதற்காகத்தான் பயந்தேன். பெருநோய்க்காரன் மகள் என்று பெயர் விழுந்தால் கல்யாணம் மட்டுமா போகும்? கிணறும் போகும், கோயிலும் போகும்.

டவுன் டாக்டரிடம் போனோம். பஸ்ஸில் ஏற அவருக்கு ரெண்டு பக்கமும் ஆள் வேண்டும் என்பதால் நானும் போனேன். டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். எங்கய்யனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தடவினார், ஊசியால் குத்தினார், எங்கே குத்துகிறேன் சொல்லுங்கள் என்று கேட்டார். முழங்கால் வரை எங்கய்யன் ஒன்றும் சொல்லவில்லை. முழங்காலுக்கு மேலே குத்தியதும் கெட்ட வார்த்தை சொன்னார். ரெண்டு காலிலும் ஒரே மாதிரி. முதுகு, தொடை எல்லாம் துணியை விலக்கித் தேமல் இருக்கிறதா என்று பார்த்தார். முழங்கையிலும் கழுத்திலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். மூத்திரத்தை வாங்கி, நீல மருந்து ஊற்றிக் காய்ச்சிச் சர்க்கரை பார்த்தார். சர்க்கரை இல்லை. பிறகு எங்கம்மாவைப் பார்த்து, இவர் குடிப்பாரா என்று கேட்டார்.

"எங்க ஊட்ல அந்தப் பழக்கமே இல்லீங்க" என்றாள் எங்கம்மா. சொல்லிச் சொல்லிப் பழகின வாய்.

டாக்டர் பேனாவை மூடினார். குடியும் இல்லை, சர்க்கரையும் இல்லை என்றால் நான் அந்த இன்னொரு நோயைத்தான் முதலில் நினைக்க வேண்டியிருக்கும், அதற்கென்று இருக்கிற ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், அங்கே வைத்துப் பார்ப்பார்கள் என்றார்.

எங்கம்மா எழுந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். அப்புறம் எடுத்தாள்.

"குடிப்பாருங்க."

"இப்பத்தான் இல்லைன்னீங்க."

"பொய் சொல்லிப்போட்டனுங்க. சாமி சத்தியமா குடிப்பாருங்க. கல்யாணம் ஆன நாள்லயிருந்து குடிக்கறாருங்க. காலையில பல்லு வெளக்கறதுக்கு முன்னால குடிப்பாருங்க."

டாக்டர் நம்பாத மாதிரி பார்த்தார். பெருநோய்க்குப் பயந்து பொய் சொல்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். எங்கம்மா எங்கய்யனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். சொல்லுங்க, குடிப்பேன்னு உங்க வாயால சொல்லுங்க என்றாள். எங்கய்யனுக்கு அப்போதுதான் மானம் வந்தது. "எப்பவாச்சுங்க. ஒடம்பு வலிக்கு, மருந்து மாதிரி" என்றார்.

"மருந்தா? சைக்கிள் டியூப்ல வர்ற மருந்துங்க" என்றேன் நான். அந்த அறையில் நான் பேசியது அது ஒன்றுதான். டாக்டர் என்னைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

எத்தனை வருடம், எவ்வளவு, சாப்பாடு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்தியத்தைச் சொன்னபோது நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் அவர் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன். இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது என்றார். சாராயமே நரம்பைக் கெடுக்கும். குடிக்கிறவன் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் அது உடம்பில் சேருவதில்லை, அதனாலும் நரம்பு கெடும். தவிட்டை எடுத்துவிட்டு, கஞ்சியை வடித்துவிட்டு, மிச்சமுள்ள சக்கையைத்தான் இவருக்குப் போட்டிருக்கிறீர்கள், நரம்புக்கு வேண்டியதெல்லாம் மாட்டுக்குப் போயிருக்கிறது. கொஞ்சநஞ்சம் இருந்ததையும் பத்தியம் நிறுத்திவிட்டது. காய்ச்சுகிறவன் அதில் என்னென்ன கலக்கிறான் என்பது காய்ச்சுகிறவனுக்கே தெரியாது, அதிலும் நரம்பைத் தின்கிற விஷம் இருக்கலாம். இதில் எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

சந்தேகம் வேண்டாம் என்று காதுமடலில் லேசாகக் கீறி, கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்துக்கொண்டார். வைட்டமின் ஊசி போட்டார். கம்பு, பருப்பு, கடலை, கீரை, முட்டை எல்லாம் கொடுக்கச் சொன்னார். எரிச்சல் குறையலாம், மரத்துப் போனது திரும்புமா என்று சொல்ல மாட்டேன், குடித்தால் எதுவுமே குறையாது, ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்றார்.

"ஒரு சொட்டுன்னா டெய்லிங்களா?" என்று கேட்டார் எங்கய்யன். டாக்டர் சிரிக்கவில்லை. எங்கய்யனும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கண்ணாடித் துண்டின் முடிவு வந்தது. பெருநோய் இல்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நடந்தது கூத்து. எங்கம்மா டவுனிலிருந்து திரும்பும்போது லட்டு வாங்கினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம், கேட்காமலேயே, "பெருநோய் இல்லைங்க, குடிதான்" என்றாள். ரைஸ்மில்லில் சொன்னாள். கிணற்றில் சொன்னாள். வெளுக்கிற அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள். இருபது வருடம் வாயில் வராத வார்த்தையை நெய்விளக்கு மாதிரி கையில் ஏந்திக்கொண்டு ஊர் சுற்றினாள். சவரம் பண்ணுகிறவர் மறுநாளே வந்தார். எங்கய்யனின் தாடையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே, குடியினாலதானுங்களாமா, நான் அப்பவே நெனச்சனுங்க என்றார். ஊரே நிம்மதியாகிவிட்டது. அட, நம்ம கவலைப்பட்டுட்டோமே என்று வந்து லட்டு தின்றார்கள். ஒரு குடிகாரன் குடிகாரன்தான் என்று தெரிந்ததற்கு இனிப்புக் கொடுத்த வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

எங்கய்யனுக்குத்தான் பெரிய லாபம். இனி மறைக்க வேண்டியதில்லை அல்லவா? சாளைக்குப் போவதை விட்டுவிட்டு வாசல் கட்டிலிலேயே உட்கார்ந்து குடித்தார். டியூப்காரன் பகலிலேயே வந்தான். யாராவது பார்த்தால், நமக்கு இருக்கறது இதுதானுங்க, டாக்டரே சொல்லிப்போட்டாரு என்பார். மூன்றாவது ஊசிக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். கம்பஞ்சோற்றை வைத்தால் தட்டைத் தள்ளினார், நான் என்ன பண்ணையத்து ஆளா என்று கேட்டார். புண் அப்படியேதான் இருந்தது. நான் அப்படியேதான் கழுவிக்கொண்டிருந்தேன்.

உப்புச் சக்கரை மாற்ற உடுமலைப்பேட்டைக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, மாப்பிள்ளை, தானாவதிக்காரர். இந்த முறை தானாவதிக்காரர் உள்ளே வந்தார், மோரும் குடித்தார். எங்கய்யனுக்கு வெள்ளை வேட்டி கட்டி, காலுக்குப் புதுத்துணி சுற்றி, நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். எங்கம்மா பழக்கமாகிப்போன பேச்சை எடுத்தாள். பெருநோய் இல்லைங்க என்று தொடங்கினாள்.

"எல்லாம் கேட்டுட்டமுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "அட, குடிதானுங்களா. நாங்க என்னமோ ஏதோன்னு பயந்துபோயிட்டமுங்க. ஆம்பளைன்னா இருக்கறதுதானுங்களே." எங்கய்யனைப் பார்த்துச் சிரித்தார். எங்கய்யனும் சிரித்தார். சம்பந்திகள் ரெண்டு பேரும் ஒருவர் தொடையை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

நான் காப்பித் தட்டோடு சமையல்கட்டு நிலையில் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் வேப்பிலையும் சீழும் கலந்த வாடை இருந்தது. அன்று காலையில் கழுவியது. சோப்புப் போட்டும் போகாது அது. அவர் சொன்ன 'இருக்கறதுதானுங்களே' காதில் விழுந்ததும், எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. இருந்தும் கேட்டேன். சம்பந்தம் பேச வந்த இடத்தில் பெண் கேள்வி கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. நான் மாப்பிள்ளையின் அப்பாவிடமே கேட்டேன்.

"ஏனுங்க மாமா, உங்க பையன் குடிப்பாருங்களா?"

எங்கம்மா என் பெயரைச் சொல்லி அதட்டினாள். அவர் கையமர்த்தினார். நல்ல மனுஷர்தான், கோபப்படவில்லை. மில்லில் இருக்கிற பையன், நாலு கூட்டாளிகள் இருப்பார்கள், நாள் கிழமை என்றால் எப்பவாச்சும் என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு லேசாகச் சிரித்தான். எங்கய்யன் டாக்டரிடம் சொன்ன அதே வார்த்தை. எப்பவாச்சும்.

"அப்ப எனக்கு வேண்டாமுங்க" என்றேன். தட்டைக் கீழே வைத்தேன். ஒரு டம்ளர் சாய்ந்து காப்பி ஓடியது, நான் துடைக்கவில்லை.

யாரும் சத்தம் போடவில்லை. பையனின் அம்மா, பொண்ணு நெம்பப் பேசுது என்று மெதுவாகச் சொன்னாள். எழுந்தார்கள். வேட்டியை உதறிக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பா கை கூப்பினார். போயிட்டு வாரோமுங்க என்றார். அந்த நிலையிலும் வாரோமுங்க. வரவில்லை.

அவர்கள் பஸ் ஏறின பிறகுதான் எங்கம்மா கை வைத்தாள். அடித்து ஓய்ந்த பிறகு தரையில் உட்கார்ந்து, "பெருநோயாவே இருந்திருக்கலாம்" என்றாள். "அப்பவாச்சும் நாலு பேரு ஐயோ பாவம்னு சொல்லியிருப்பாங்க."

எங்கய்யன் நாற்காலியிலேயே இருந்தார். எழுந்து போக ஆள் வேண்டுமே. நல்ல பையனாச்சே கண்ணு, கெடுத்துப்போட்டயே என்றார். குடிக்கிறவர் என்றேன். எப்பவாச்சுந்தானே என்றார். நான் அவர் காலைப் பார்த்தேன். புதுத்துணியிலும் ஈரம் ஊறிவிட்டிருந்தது, ரெண்டு ஈ உட்கார்ந்திருந்தது. அவரும் குனிந்து பார்த்தார். துணியை அவிழ்த்து விடு, எரியுது என்றார். அவிழ்த்துவிட்டேன். அவிழ்க்காமல் விட்டிருந்தால் அந்த நாற்றத்தில் நான்தானே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ரெண்டு வருடம் கழித்து அந்தக் காலில் விரல்களை எடுத்தார்கள். விரல் இல்லாமலும் குடித்தார். சாகும் வரை குடித்தார். கால் எரிகிறது என்று சாகும் வரை கத்தினார். இல்லாத விரல் எரிகிறது என்றுகூடக் கத்தினார்.

அந்த மாப்பிள்ளைக்கு, எங்கள் வீட்டிலிருந்து எழுந்து போன அதே மாசத்தில், பொள்ளாச்சிப் பக்கம் கல்யாணம் ஆகிவிட்டது. எங்கம்மா வருடக்கணக்கில் சொல்லிக்காட்டினாள். மேனேஜர் ஆகிவிட்டாராம், வீடு கட்டிவிட்டாராம், அந்தப் பெண் கழுத்து நிறையப் போட்டிருக்கிறாளாம். இருக்கட்டும். எனக்குக் கல்யாணம் ஆக இன்னும் அஞ்சாறு வருடம் போனது. வந்தவர்களிடமெல்லாம் காப்பி கொடுப்பதற்கு முன்னாலேயே அதைக் கேட்டேன். திமிர் பிடித்தவள் என்று ரெண்டு தாலுக்காவில் பெயர் வாங்கினேன். பலர் கோபித்துக்கொண்டு எழுந்தார்கள், சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களை நான் உடனே அனுப்பிவிட்டேன். கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் மட்டும் கோபமும் படாமல் சிரிக்கவும் இல்லாமல், "இல்லீங்க" என்றார்.

நான் நம்பவில்லை. பட்டறைக்கு ஆள் விட்டு விசாரித்தேன். அப்புறம்தான் சரி என்றேன்.